என் படங்களின் தலையை வெட்டும் சதுரக் கட்டங்கள்: என்ன செய்யலாம்?

கோணல்சட்டம் எழுதியது:

வணக்கம். எனக்கென்று சின்னதாக ஒரு வலைத்தளம் இருக்கிறது. நான் எடுத்த புகைப்படங்கள், கறுப்பு வெள்ளைக் காலத்து சினிமா பற்றிய குறிப்புகள், கடவுள் நம்பிக்கை பற்றி அவ்வப்போது தோன்றுவது, இவ்வளவுதான் அதில். வாசகர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆசை.

சமீபத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டுக்கு மாறினேன். முகப்பில் எல்லாப் படமும் ஒரே அளவுச் சதுரமாக வரிசை கட்டி நிற்கிறது. தள்ளி நின்று பார்த்தால் லட்சணம். கிட்டே போனால்தான் கூத்து. நிறையப் பேருக்குத் தலை இல்லை. தலை போகிற அவசரம் என்று சும்மா சொல்வோமே, இங்கே அவசரமே இல்லாமல் தலை போயிருக்கிறது.

ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். நீளமான வெள்ளைச் சுவர். இடது கோடியில் ஒரு பெரியவர் நின்றபடி பிரார்த்தனை செய்கிறார். நெற்றியில் சுருக்கம் விழும் அளவுக்குக் கண்களை இறுக்கி மூடியிருக்கிறார். வலது கோடியில் அவருடைய பேரன், ஏழெட்டு வயசு இருக்கும். அதே மாதிரி நிற்கிறான், அதே மாதிரி தலையைக் குனிந்திருக்கிறான். ஆனால் ஒற்றைக் கண் மட்டும் திறந்திருக்கிறது, நேராக என்னைப் பார்க்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் இதுதான்.

இப்போது முகப்பில் தெரிவது சுவர். இடது ஓரத்தில் பெரியவரின் முழங்கை கொஞ்சம். பையனைக் காணவே காணோம். சுண்ணாம்பு அடித்தவருக்குக் கொடுக்க நல்ல சான்றிதழ், அவ்வளவுதான்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட் கோப்பைத் திறந்து பார்த்தேன். படம் கட்டத்துக்குள் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் ‘ஆப்ஜெக்ட்-ஃபிட்’ என்ற இடத்தில் ‘கவர்’ (கட்டத்தை நிரப்பு, மிஞ்சுவதை வெட்டு) என்று இருந்தது. அதை ‘கன்டெய்ன்’ ஆக்கினால் படம் முழுசாக வருகிறது, ஆனால் சதுரத்துக்குள் மேலும் கீழும் வெற்றுப் பட்டை விழுகிறது. பக்கம் பூராவும் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடுகிறது.

படத்தை வெட்டாமல், பக்கமும் அலங்கோலமாகாமல் அடுக்க வழி இருக்கிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் தளத்தைப் பார்த்துவிட்டு, “பிரார்த்தனைப் படங்களுக்குப் பக்கத்திலேயே சிரிப்புப் படங்களை வைத்திருக்கிறீர்களே, தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்” என்றார். நான் பக்தையா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆனால் பக்தியாக இருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும். அவர்கள் கொட்டாவி விடும்போதும் பிடிக்கும். இதை எப்படிப் பிரிப்பது?

பின்னொட்டு எழுதியது:

அக்கா, முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். இரண்டாவது என் கட்சி இல்லை.

சதுரம் என்பது டெம்ப்ளேட் செய்கிறவரின் வசதி. உங்கள் படம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது, அதனால் எதைப் போட்டாலும் கட்டம் கலையாத மாதிரி ஒரு வெட்டு. அகலத்தை ஒன்றாக்குவதை விட்டுவிட்டு உயரத்தை ஒன்றாக்குங்கள். ஒரு வரிசையில் இருக்கும் எல்லாப் படமும் ஒரே உயரம், அகலம் அதன் அதன் பாட்டுக்கு. வரிசையின் இரண்டு ஓரமும் நேர்க்கோட்டில் நிற்கும், ஒரு படமும் வெட்டுப்படாது.

இதற்கு நிரல் நூலகம் எதுவும் வேண்டாம். படங்களைச் சுற்றியுள்ள பெட்டியை ‘ஃபிளெக்ஸ்’ ஆக்கி, ‘ராப்’ (இடம் போதாவிட்டால் அடுத்த வரிசைக்குப் போ) கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணை ‘ஃபிளெக்ஸ்-க்ரோ’வில் (எவ்வளவு வளரலாம் என்ற பங்கு) போடுங்கள். அதே எண்ணை விரும்பும் உயரத்தால் பெருக்கி ‘ஃபிளெக்ஸ்-பேசிஸ்’ஸில் (தொடக்க அகலம்) போடுங்கள். உங்கள் கேமரா 3:2 என்றால் எண் 1.5. உயரம் 200 பிக்சல் வேண்டுமானால் பேசிஸ் 300 பிக்சல். வரிசையில் மிச்சம் விழும் இடத்தை எல்லாப் படமும் இந்த எண்ணின் விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் உயரம் ஒன்றாகவே வளரும். கடைசி வரிசையில் ஒற்றைப் படம் மாட்டிக்கொண்டால் பக்கம் முழுக்க ஊதிப் போகும். அதைத் தடுக்க கடைசியில் காலியாக ஒரு பெட்டியை வைத்து அதன் ‘க்ரோ’ எண்ணைப் பெரிதாகக் கொடுத்துவிடுங்கள். மிச்ச இடத்தை அது விழுங்கிக்கொள்ளும்.

எச்டிஎம்எல்லில் ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எழுதிவிடுங்கள். படம் வந்து சேரும் முன்பே உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கிவிடும். இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் துள்ளும்.

சதுரம்தான் வேண்டும் என்று எங்காவது அடம்பிடித்தால் ‘ஆப்ஜெக்ட்-பொசிஷன்’ இருக்கிறது, எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது என்று சொல்லலாம். ஆனால் உங்கள் சுவர்ப் படத்துக்கு அது ஆகாது. தாத்தாவா பேரனா என்று யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

கேட்காத யோசனை ஒன்று: படத்தின் கீழே தமிழைச் சாய்வெழுத்தில் போடாதீர்கள். வரி இடைவெளியை 1.7 வரைக்கும் ஏற்றுங்கள், மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளாது. சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து ஸ்டைலாக இருக்கும், படிக்க வராது. சாதாரண அளவு எழுத்துக்கு ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது விதி.

பழையரீல் எழுதியது:

பின்னொட்டு சொன்ன 3:2 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோணல்சட்டம் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும், அது சினிமாவிலிருந்துதான் வந்தது. மௌனப்பட ரீலில் ஒரு சட்டம் (ஃபிரேம்) 18 மில்லிமீட்டர் உயரம், 24 அகலம். ஃபிலிம் மேலிருந்து கீழாக ஓடும். லைக்கா கேமராவை வடிவமைத்த ஓஸ்கர் பார்னாக் அதே ஃபிலிமைப் படுக்க வைத்து ஓட்டி, இரண்டு சட்டத்தின் இடத்தை ஒன்றாக்கினார். 24-க்கு 36. அந்த லைக்கா கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கும் டிஜிட்டல் கேமராக்கள் பாதி அந்த விகிதத்தையே கட்டிக்கொண்டு அழுகின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். 3:2 படத்தை நடுவிலிருந்து சதுரமாக வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு, இரண்டு பக்கமும் ஆறில் ஒன்று. உங்கள் பெரியவரும் பையனும் சரியாக அந்த ஆறில் ஒன்றில்தான் நிற்கிறார்கள்.

இந்த அநியாயம் புதுசு இல்லை. 1953-ல் சினிமாஸ்கோப் என்று அகலத் திரை வந்தது. அதில் முதலில் வெளியான ‘தி ரோப்’ ஒரு பக்திப் படம் என்பதைக் கவனியுங்கள். அகலம் உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் கொஞ்சம் மேல். அப்போதைய டிவி 4:3. அந்த அளவுப் படத்தை டிவியை நிரப்பும்படி வெட்டினால் கிட்டத்தட்ட பாதி காணாமல் போகும். அகலத் திரைப் படங்களை டிவிக்காக வெட்டவென்றே ஆள் உட்கார்ந்து, இந்த ஷாட்டில் இடது பக்கம், அடுத்ததில் வலது பக்கம் என்று நகர்த்தினார்கள். இரண்டு பேர் பேசும் காட்சியில் நடுவில் இருந்த பூச்சாடி மட்டும் டிவியில் தெரிந்த கதையெல்லாம் உண்டு. உங்கள் சுவர் அந்தப் பரம்பரை.

நகைச்சுவைக்குத்தான் இதில் பெரிய அடி. மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் முகத்தில் ஒரு தசை அசையாது. அதனால் உடம்பு முழுக்கவும் அதைச் சுற்றியுள்ள இடமும் தெரிந்தாக வேண்டும். 1928-ல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் புயல் காற்றில் ஒரு வீட்டின் முகப்பு மொத்தமும் அவர் மேல் சாய்கிறது. மாடிச் சன்னல் திறந்திருக்கிற இடத்தில் அவர் நிற்கிறார், சுவர் அவரைச் சுற்றித் தரையில் விழுகிறது. நிஜச் சுவர், நிஜ ஆள், ஒரே ஷாட். வீடு முழுசாகத் தெரியாமல் அவரை மட்டும் காட்டியிருந்தால் அது தூசி கிளம்பிய ஒரு காட்சி. ஆளும் ஆபத்தும் ஒரே சட்டத்தில் இருப்பதால்தான் முதலில் மூச்சு நிற்கிறது, அப்புறம் சிரிப்பு வருகிறது.

நம்ம பக்கம் வந்தால் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் பாலையாவிடம் பேய்ப் படக் கதை சொல்கிறார். சிரிப்பு எங்கே இருக்கிறது? சொல்கிறவரிடம் பாதிதான், மீதி கேட்கிறவரின் முகத்தில். நாகேஷை மட்டும் சதுரமாக வெட்டிப் போஸ்டர் போட்டால் யாரோ கையை ஆட்டிக் கத்துகிறார், அவ்வளவுதான்.

அதனால் சதுரத்தைத் தூக்கி எறியுங்கள். 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்தபோது எல்லோரையும் சதுரத்துக்குள் அடைத்தது. 2015-ல் அவர்களே மற்ற அளவுகளையும் அனுமதித்தார்கள். டெம்ப்ளேட்டுகள்தான் இன்னும் பழக்கத்தை விடவில்லை.

கோணல்சட்டம் எழுதியது:

பின்னொட்டு தம்பி, ‘க்ரோ’ எண்ணை எல்லாப் படத்துக்கும் போட்டுப் பார்க்கிறேன். சாய்வெழுத்தை எடுத்தாயிற்று. அது இவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று எடுத்த பிறகுதான் தெரிகிறது.

பழையரீல் ஐயா, பூச்சாடிக்கு நன்றி. இனி அந்தச் சுவரைத் திட்ட மாட்டேன்.

வெள்ளைத்தாள் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அகலமாகக் காட்டினால் உண்மை, நெருங்கி வெட்டினால் பொய் என்கிற மாதிரிப் பேச்சு போகிறது. நம்பிக்கை விஷயத்தில் பல நேரம் தலைகீழ். 1928-லேயே டிரையர் என்ற டேனிஷ் இயக்குநர், கடவுளின் குரல் கேட்டதாகச் சொன்னதற்காக விசாரிக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையைப் படமாக எடுத்தார். படம் முழுக்க முகம், முகம், முகம். ஒப்பனையே இல்லை. ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கும் தடம் வரைக்கும் தெரியும். அறை எங்கே, கதவு எங்கே என்று பல இடத்தில் நமக்குப் புரியாது. அவளுக்கும் அந்த நேரத்தில் அறை முக்கியமில்லை. அதன் மூல நெகட்டிவ் தீயில் போய், 1981-ல் ஆஸ்லோவுக்கு அருகில் ஒரு மனநல மருத்துவமனையில் முழுமையான பிரதி ஒன்று கிடைத்தது. எடுத்தபடியே அந்தப் படத்தை நாம் பார்க்க முடிவது அதனால்தான்.

ஆக, வெட்டலாம். கண்ணால் பார்த்து, யோசித்து வெட்டலாம். ‘கவர்’ யோசிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பிரிக்க வேண்டாம். ‘திருவிளையாடல்’ (1965) பார்த்தவர்களைக் கேளுங்கள், முதலில் என்ன நினைவு வருகிறது என்று. பத்தில் எட்டுப் பேர் தருமி என்பார்கள். சாமியே புலவர் வேடத்தில் நிமிர்ந்து நிற்கிறார், எதிரே நாகேஷ் வளைந்து நெளிந்து கேள்வி கேட்கிறார். அந்தச் சிரிப்பால் யாருடைய பக்தியும் குறைந்ததாகத் தெரியவில்லை. பசியும் பயமும் பேராசையும் உள்ள ஒரு ஆள் கடவுள் முன்னால் நிற்கிறான், அதுதானே நம் எல்லோருடைய நிலைமையும். உங்கள் பையன் ஒற்றைக் கண்ணைத் திறந்ததை நான் பக்திக் குறைவாகப் பார்க்கவில்லை. தாத்தா எப்படி நிற்கிறார் என்று பார்த்துத்தான் அவனும் நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். கண்ணைத் திறக்காமல் எப்படிக் கற்பது?

ஆனால் எதற்குப் பக்கத்தில் எது என்பதைக் கவனியுங்கள். ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, அதை ஒட்டி ஒரு முறை சூப் கிண்ணம், ஒரு முறை சவப்பெட்டி என்று மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். முகம் மாறவில்லை. பார்த்தவர்கள் பசி என்றார்கள், துக்கம் என்றார்கள். கட்டங்களாக அடுக்கும் பக்கமும் அதையேதான் செய்யும். கண்ணை மூடி உருகும் பெண்ணின் படத்துக்குப் பக்கத்தில் கொட்டாவிப் படம் தற்செயலாக வந்து உட்கார்ந்தால், அவரும் தூங்குகிறார் என்று ஆகிவிடும். அது உங்கள் நகைச்சுவை இல்லை, கட்டத்தின் நகைச்சுவை. அவர் பாவம். ஒரே படத்துக்குள் இருக்கும் சிரிப்பு வேறு, பக்கத்துப் படத்தால் ஒருவர் மேல் விழும் சிரிப்பு வேறு.

பெரியவரிடம் படத்தைக் காட்டினீர்களா?

கோணல்சட்டம் எழுதியது:

காட்டினேன். முதலில் தன்னைப் பார்த்தார், “நல்லா விழுந்திருக்கு” என்றார். அப்புறம் வலது ஓரத்தைப் பார்த்தார். பையன் முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம் இருவரும் சிரித்தார்கள். தளத்தில் போடலாமா என்று கேட்டேன், போடச் சொன்னார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

கொட்டாவிப் படம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உடனே போய்ப் பார்த்தேன். நல்ல வேளை, பக்கத்தில் ஒரு நாய் தூங்குகிறது.

செவிவழி எழுதியது:

அக்கா, எனக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துத்தான் இந்த இழையைப் படிக்கிறேன். சதுரமா செவ்வகமா என்று நீங்கள் எல்லோரும் சண்டை போடுவதைக் கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்கள் தளத்துக்குப் போனேன். முகப்பில் ஒவ்வொரு படமும் ஒரு இணைப்பு, எதற்கும் மாற்றுரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு) இல்லை. அப்படி இருந்தால் என் கருவி கோப்புப் பெயரைப் படிக்கும். “டி எஸ் சி அடிக்கோடு நான்கு நான்கு ஏழு ஒன்று.” அடுத்தது “நான்கு நான்கு ஏழு இரண்டு.” உங்கள் டெம்ப்ளேட் மற்றவர்களுக்குத் தலையைத்தான் வெட்டியது, எனக்கு ஆளையே விடவில்லை.

ஆனால் இந்தக் கேள்வியில் அந்தச் சுவர்ப் படத்தை எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குக் கிடைத்துவிட்டது. ஒற்றைக் கண் என்று வந்ததும் சிரித்துவிட்டேன். மாற்றுரையிலும் அதைச் செய்யுங்கள்.

கோணல்சட்டம் எழுதியது:

இப்படி எழுதினால் சரியா, பாருங்கள்: “பக்தியுடன் பிரார்த்தனை செய்யும் தாத்தாவும், திருட்டுத்தனமாக ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கும் பேரனும் இருக்கும் குறும்பான படம்.”

செவிவழி எழுதியது:

இல்லை அக்கா. ‘குறும்பான’ என்று நீங்களே சொல்லிவிட்டால் நான் எதற்குச் சிரிக்க வேண்டும்? ‘பக்தியுடன்’ என்பதும் வேண்டாம். நெற்றிச் சுருக்கம் என்று முதலில் எழுதினீர்கள், அதைக் கொடுங்கள், பக்தியா தலைவலியா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேல், வரிசை. பார்க்கிறவர்களின் கண் இடமிருந்து வலமாகப் போய்க் கடைசியில்தான் பையனிடம் சேரும் என்று நினைக்கிறேன். எனக்கும் கண் கடைசியில் வரட்டும்.

கோணல்சட்டம் எழுதியது:

“நீண்ட வெள்ளைச் சுவர். இடது கோடியில் ஒரு பெரியவர், நெற்றி சுருங்கக் கண்களை மூடித் தலை குனிந்து நிற்கிறார். வலது கோடியில் ஒரு சிறுவன், அதே நிலை, அதே குனிவு. ஒரு கண் மட்டும் திறந்து நம்மைப் பார்க்கிறது.”

செவிவழி எழுதியது:

இது போதும். நாய்ப் படத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதுங்கள், எனக்கு நாய் பிடிக்கும்.

கோணல்சட்டம் எழுதியது:

வரிசை முறை வேலை செய்துவிட்டது, எல்லோருக்கும் தலை திரும்ப வந்துவிட்டது. ஒரே ஒரு குறை. செங்குத்தாக எடுத்த படங்கள், படுக்கைப் படங்களோடு ஒரே வரிசையில் வந்தால் குச்சி குச்சியாக ஒல்லியாகிவிடுகின்றன. கோபுரம் உயரத்துக்கு எடுத்த படம் தீப்பெட்டி அளவில் நிற்கிறது. போனில் பார்த்தால் நேர்மாறு. அங்கே அது திரையை மீறி வளர்கிறது, சுவர்ப் படம்தான் நாடா மாதிரி ஒடுங்கிவிடுகிறது. என்ன செய்ய?

பின்னொட்டு எழுதியது:

செங்குத்துப் படங்களை ஒன்றாகச் சேர்த்துத் தனி வரிசையாக வையுங்கள், அந்த வரிசைக்கு மட்டும் உயரத்தை 400 ஆக்குங்கள். ‘பேசிஸ்’ கணக்கையும் 400-ஐ வைத்து மாற்ற மறக்காதீர்கள். போனில் வரிசையே வேண்டாம், ஒன்றின் கீழ் ஒன்றாக விடுங்கள். செங்குத்துப் படத்துக்கு உச்ச உயரம் ‘80 விஎச்’ கொடுத்து, அகலத்தை ‘ஆட்டோ’வில் விட்டால் திரையின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டாது, வெட்டும் விழாது. சுவர்ப் படம் போனில் ஒடுங்கத்தான் செய்யும், அதற்கு மருந்து கிடையாது. தொட்டால் பெரிதாகும்படி மட்டும் செய்துவையுங்கள், போனைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். ‘கவர்’ என்று வேறு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஸ்டைல் ஷீட் முழுக்க ஒரு தடவை தேடிவிடுங்கள். இந்த மாதிரி டெம்ப்ளேட்டில் போன் திரைக்கென்று தனியாக ஒன்று வைத்திருப்பார்கள்.